ஒரு கதவு எண், எட்டுக் குடித்தனம்

திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ பழைய ஸ்டோர் வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று பிடிபடும். வாசலுக்கு ஒரே கதவு எண், உள்ளே எட்டுக் குடித்தனம். தபால்காரர் வாசலில் நின்று உறையிலுள்ள பெயரைப் படித்துக் குரல் கொடுப்பார். உரியவர் வந்து வாங்கிக்கொள்வார்.

குறைந்த கட்டணத்தில் நடக்கும் இணையதளங்கள் பலவும் இப்படித்தான் குடியிருக்கின்றன. ஷேர்டு ஹோஸ்டிங் என்பார்கள். ஒரு சர்வர், ஒரு ஐ.பி. முகவரி, அதில் நூற்றுக்கணக்கான தளங்கள். அப்படிப்பட்ட தளத்தின் ஐ.பி. எண்ணை மட்டும் பிரவுசரில் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்தத் தளம் வராது. பெயர் சொல்லாமல் வாசலில் நின்றால், உள்ளே யாரைக் கூப்பிடுவது?

ஒரு காலத்தில் தளத்துக்கொரு முகவரி தேவைப்பட்டது. எந்தத் தளம் வேண்டும் என்று பிரவுசர் பெயர் சொல்லியே ஆகவேண்டும் என்று 1997-இல் வந்த எச்.டி.டி.பி. 1.1 விதி வகுத்தது. பாதுகாப்பான எச்.டி.டி.பி.எஸ். தளங்களுக்கு மட்டும் சிக்கல் நீடித்தது. அங்கே ஒட்டிய உறைக்குள் பெயர் இருந்தது. உறையைப் பிரிக்கும் முன்பே சர்வர் உரிய சான்றிதழைக் காட்டியாகவேண்டும். 2003-இல் வந்த எஸ்.என்.ஐ. என்ற ஏற்பாடு, பெயரை உறையின் மேலேயே எழுதவைத்தது. இன்று புழக்கத்திலுள்ள பிரவுசர்கள் எல்லாம் அதை அறியும்.

பிறகு எதற்குத் தனி ஐ.பி.? வலுவான காரணம் மின்னஞ்சல்தான்.

எங்கள் வாசகர் வட்டத்தின் கூட்ட அழைப்பை எங்கள் தளத்திலிருந்து நாற்பது பேருக்கு அனுப்பினேன். பாதிப் பேருக்கு மேல் அது ஸ்பாம் பெட்டியில் கிடந்தது. விசாரித்தால், அதே ஐ.பி. முகவரியில் இருந்த வேறொரு தளத்துக்குள் யாரோ புகுந்து விளம்பர மடல்களைக் கொட்டித் தீர்த்திருக்கிறார்கள். தவறு செய்தது ஒரு குடித்தனம், கெட்ட பெயர் கதவு எண்ணுக்கு. ஹோஸ்டிங் நிறுவனம் அதே சர்வரில் இரண்டாவது ஐ.பி. ஒன்றைச் சேர்த்து எங்கள் மடல்களை அதன் வழியே அனுப்பியது. ஒரு சர்வருக்குப் பல முகவரிகள் கொடுக்கலாம், வீட்டுக்கு இன்னொரு வாசல் திறப்பதுபோல. அந்த வாசலுக்கு நல்ல பெயர் சேர மூன்று வாரம் பிடித்தது.

தனி ஐ.பி.யை வீணாக வாங்கக் கூடாது. ஐ.பி.வி4 வகை ஐ.பி. எண்கள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகப் பொது இருப்பு 2011 பிப்ரவரி 3 அன்றே தீர்ந்துவிட்டது. அமேசானின் கிளவுட் சேவை 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. தனி ஐ.பி. இருந்தால் கூகுள் தேடலில் முன்னே வரலாம் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

உங்கள் தளத்திலிருந்து மடல் போகிறதா? அதன் ஐ.பி. முகவரி ஸ்பாம் தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் நிறுவனத்திடம் வேறு முகவரி கேளுங்கள். மடலே போகாத தளம் என்றால், அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.