திருந்தச் சொல்லும் பாட்டும் லூத்தரும்

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நம்ம தோட்டத்துத் திருவிழாவிலே எம்.ஜி.ஆர். பாட்டுக் கேட்காமல் இருக்குமா? நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்ற உரிமையும் நமக்கு உண்டே! 1961இல் வந்த 'திருடாதே' படத்திலே, ஒரு சின்னப் பிள்ளைக்கு அவர் புத்தி சொல்லுகிற பாட்டு இருக்கிறது. எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். படம் வருமுன்னே, 1959இல், 29 வயதிலே அவர் போய்விட்டார். சட்டம் மட்டும் போதாது, தப்புச் செய்கிறவன் தானே மனசு வைக்கணும் என்பது அவர் சொன்ன கருத்து.

நல்ல பாட்டுத்தான். ஆனால் மனசு வைத்தவன் மறுபடி விழுந்தால்? இனிமேல் கசிப்பைத் தொடமாட்டேன் என்று பிள்ளை தலையிலே கை வைத்துச் சத்தியம் பண்ணினவர், அடுத்த சம்பளத்தன்றே தள்ளாடிக்கொண்டு வருகிறார். "இவனாவது திருந்துறதாவது" என்று லயமே சொல்லுது. கடைசியிலே அவரும் அதையே நம்பிவிடுகிறார்.

மார்ட்டின் லூத்தருக்கு இந்தச் சங்கடம் தெரியும். 1505இல் மடத்திலே சேர்ந்து, உபவாசம், ஜெபம், பாவ அறிக்கை என்று தன்னைத் தானே திருத்தப் பாடுபட்டவர். நிம்மதி கிடைக்கவில்லை. நாம் திருந்தி முடியட்டும் என்று கடவுள் காத்திருப்பதில்லை, கிறிஸ்துவுக்காக முதலிலேயே நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பதை வேதத்திலே கண்டபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. நம்ம கணக்கிலே சொன்னால், கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அங்கே காலையிலேயே முழுப்பேர் போட்டாச்சு, அப்புறம்தான் மலைக்குப் போகிறோம்.

"அப்போ குடிக்கலாமா ஐயா?" என்று அங்கே ஒரு தம்பி சிரிக்கிறார். இல்லை தம்பி. 1529இல் எழுதிய சிறு ஞானோபதேசத்திலே, ஞானஸ்நானம் பெற்றவனுக்குள் இருக்கிற பழைய மனுஷன் தினந்தோறும் சாகவேணும், புதியவன் தினந்தோறும் எழும்பவேணும் என்கிறார் லூத்தர். தினந்தோறும்! நேற்று விழுந்தவர் இன்றைக்குப் பிரட்டுக்கு முன்னாலே மறுபடி தொடங்கலாம்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. மன்னிப்பது என்றால் சம்பளக் காசை அவர் கையிலே கொடுப்பது இல்லை. அடியை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதும் இல்லை.

லூத்தரும் பாட்டுக் கட்டினவர்தான். 1524இல் வந்த முதல் சிறு பாட்டுப் புத்தகத்திலே இருந்த 8 பாட்டில் 4 அவருடையது. நான் மாறுவேன் என்பதைவிட, கடவுள் செய்ததையே அவை அதிகம் பேசும். தமிழிலே, லூத்தரன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டுகள் நமக்கு இருக்கின்றன. அதிலே ஒன்றை இப்போது பாடுவோம். முடிந்ததும் பிள்ளைகள் எம்.ஜி.ஆர். பாட்டையும் போடட்டும்.