வளைவுக்குள் நுழையும் இடம்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வீதி வளைவுகளைப் பற்றிப் பேச வைத்தியர்களுக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். விபத்தில் காயமடைந்தவர்களைப் பார்க்கும் எங்களிடம் ஒரு மாரி இரவில் ஓர் இளைஞர் கொண்டுவரப்பட்டார். வளைவொன்றில் மோட்டார் சைக்கிள் சறுக்கியிருந்தது. ஒரு காலை அகற்ற வேண்டியதாயிற்று. “என்ர பிள்ளை மெல்லத்தான் ஓடுறவன், டொக்டர்” என்று தாய் திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லாத் தாய்மாரும் சொல்வதுதானே என்று நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. குறிப்பில் “அதிவேகம்” என்று எழுதினோம்.

பின்னர் வீதி வடிவமைப்புப் பொறியியலாளராக இருக்கும் எங்கள் வகுப்புத் தோழியிடம் இதைச் சொன்னபோது, அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “வளைவில் எந்த இடத்தில் விழுந்தவர்?” எங்களிடம் பதில் இல்லை. அன்று அவர் எங்களைத் தமது கணினியின் முன் இருத்திக் கற்பித்ததையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

உயர்தர வகுப்பில் படித்த வட்ட இயக்கம் நினைவிருக்கும். வாகனம் வளைவில் திரும்புவதற்கு மையத்தை நோக்கிய விசை வேண்டும். அதில் ஒரு பங்கை ரயருக்கும் வீதிக்கும் இடையிலான உராய்வு தருகிறது. மறு பங்கை, வீதியின் வெளி ஓரத்தை உயர்த்திச் சாய்ப்பதால் பெறுகிறோம். மணிக்குக் கிலோமீற்றரில் உள்ள வேகத்தை வர்க்கித்து, அதை மீற்றரில் உள்ள ஆரையின் 127 மடங்கால் வகுத்தால், சாய்வும் உராய்வும் சேர்ந்து தர வேண்டிய அளவு வரும்.

150 மீற்றர் ஆரையுள்ள வளைவில் 60 கிலோமீற்றர் வேகத்தில் போனால் அந்த அளவு ஏறத்தாழ 0.19. வீதி 6 சதவீதம் சாய்ந்திருந்தால் 0.06 கிடைத்துவிடும், மிகுதி 0.13 ஐ ரயர் தர வேண்டும். அதே வளைவில் 80 இல் போனால் தேவை 0.34. சாய்வு மாறாது. ஆகவே ரயரிடம் கேட்கப்படுவது 0.28. வேகம் மூன்றிலொரு பங்கு கூடியதும், உராய்வின் மீதான சுமை இரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. “அப்படியானால் இன்னும் சாய்த்துவிடலாமே?” என்று கேட்டோம். உயரமாகப் பாரம் ஏற்றி மெதுவாக வரும் லொறி உட்புறமாகச் சரியும், அதனால் சாய்வுக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு என்றார்.

இந்தக் கணக்கை இன்று சிவில் 3டி போன்ற மென்பொருள்கள் செய்கின்றன. வடிவமைப்பு வேகத்தையும் எந்த நியம அட்டவணை என்பதையும் கொடுத்தால், ஒவ்வொரு வளைவுக்கும் எவ்வளவு சாய்வு, அது எங்கே தொடங்கி எங்கே முழுமையடைய வேண்டும் என்பதை அவை வரிசையாகத் தந்துவிடும். 50 என்று வேகத்தைக் கொடுத்தால் 50 க்கே கணிக்கும். மக்கள் அங்கே 80 இல் ஓடுவது அதற்குத் தெரியாது. வளைவைப் பின்னர் சற்று நகர்த்தினால், பழைய சாய்வுக் கணக்கு காலாவதியாகிவிடும். மீளக் கணிப்பிட வேண்டும். எதிரெதிர்த் திசையில் திரும்பும் இரண்டு வளைவுகள் நெருங்கி இருந்தால், ஒன்றின் சாய்வு இறங்கி முடியுமுன் மற்றதன் சாய்வு தொடங்கிவிடும். மென்பொருள் எச்சரிக்கும், தானே தீர்த்துவைக்கவும் முன்வரும். அந்தத் தீர்வு அந்த இடத்துக்குப் பொருந்துமா என்பதைப் பொறியியலாளர்தான் பார்க்க வேண்டும்.

தோழி அதிக நேரம் காட்டியது வளைவின் நடுப்பகுதியை அல்ல, அதற்குள் நுழையும் இடத்தை. நேரான வீதி, மழைநீர் வடிவதற்காக, நடுவில் உயர்ந்து இரு புறமும் ஏறத்தாழ 2.5 சதவீதம் தாழ்ந்திருக்கும். வளைவை நெருங்கும்போது வெளிப்புறப் பாதை மட்டமாகி, பின்னர் மறுபக்கம் சாய்ந்து 6 சதவீதத்தை அடைய வேண்டும். பாதையின் அகலம் 3.5 மீற்றர் என்றால், அதன் வெளி ஓரம் நடுக்கோட்டிலிருந்து 9 சென்ரிமீற்றர் தாழ்வில் தொடங்கி 21 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஏறுகிறது. இதைப் படிப்படியாகவே செய்ய முடியும். அந்த ஏற்றத்தில் ஓரிடத்தில் குறுக்குச் சாய்வு பூச்சியமாகிறது.

மலைநாட்டில் வீதி நெடுகிலும் ஏறி இறங்குவதால் அந்த இடத்திலும் நீர் ஓடிவிடும். யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற தட்டை நிலத்தில் நெடுக்குச் சாய்வும் பூச்சியத்தை அண்டியே இருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் தண்ணீர் தேங்கும். திரும்பத் தொடங்கும் மோட்டார் சைக்கிளின் ரயர் பிடியை இழப்பதற்கு அதுவே போதும். குறுக்குச் சாய்வு ஓர் அட்டவணையில் சரியாக இருக்கும்; நெடுக்குச் சாய்வு வேறொரு வரைபடத்தில் சரியாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும்.

இது எங்களுக்குப் புதிதல்ல. ஒரு விடுதியிலிருந்து இன்னொரு விடுதிக்கு, இரவுக் கடமையிலிருந்து பகல் கடமைக்கு நோயாளரை ஒப்படைக்கும் வேளையில்தான் நாங்களும் தவறுகிறோம். இரண்டு பக்கத்துக் குறிப்புகளும் தனித்தனியே சரியாகவே இருக்கும்.

அந்த இளைஞர் விழுந்த இடத்தில் தண்ணீர் நின்றதா என்பதை இனி அறிய வழியில்லை. அவர் வேகமாக வந்திருக்கவும் கூடும். ஆனால் நாங்கள் கேளாமலே எழுதிவிட்டோம். இப்போது கேட்கிறோம்: எந்த வளைவு, எந்தத் திசையில் வந்தவர், நுழையும்போதா நடுவிலா வெளியேறும்போதா, தண்ணீர் நின்றதா. ஒரே இடம் மீண்டும் வந்தால், நோயாளரின் பெயரில்லாமல், வீதிக்குப் பொறுப்பானவர்களுக்கு எழுதுகிறோம்.

உலகெங்கும் பரந்திருக்கும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளில் பொறியியலாளர்கள், தாதியர், ஆசிரியைகள், சட்டத்தரணிகள் எல்லோரும் இருக்கிறீர்கள். உங்கள் ஊரில் மழை விட்டபின் தண்ணீர் தேங்கும் வளைவொன்றைக் கண்டால், படமெடுத்து, இடத்தைக் குறித்து, உரியவர்களுக்கு அறிவியுங்கள். அந்தத் தாயின் வார்த்தையை அன்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். அதற்காகவே இன்று உங்கள் முன் பேசினோம்.