மடியும் பட்டியும்

மூதூர் மக்களுக்குத் திருகோணமலைப் பட்டினம் நெடுங்காலமாக நீருக்கு அப்பாலுள்ள ஊராகவே இருந்தது. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே மூதூர்; வடகரையிலே திருமலைத் துறைமுகம். வைத்தியசாலைக்காயினும் கச்சேரிக்காயினும் படகேறியே செல்லவேண்டும். தரைவழியே போவோர்க்கும் நீர் விலகி நின்றதில்லை. மகாவலி கங்கையின் கிளைகளும் களப்பின் வாய்களும் இடையிடையே குறுக்கிட்டன. அங்கெல்லாம் ‘பாதை’ என்று வழங்கும் மிதவைகளிலே ஏறியிறங்கித்தான் அக்கரை சேர முடிந்தது.

குழந்தையோடு படகேறிய தாய் முதலிற் செய்வது ஒன்றே. குழந்தையை மடியில் இருத்தி, சேலைத் தலைப்பாற் சுற்றி, இரு கைகளாலும் அணைத்துக் கொள்வாள். அலை எழுந்தால் அணைப்பு இறுகும். அலை தணிந்தால் அணைப்புந் தளரும். தாயிடமிருந்து மகளும், மகளிடமிருந்து பேர்த்தியும் இதனைக் கற்றனர். அந்நீரிலே அப்பாடம் பொய்த்ததென்று யாரும் குறைகூற மாட்டார்.

காலம் மாறிற்று. 2009ஆம் ஆண்டிலே 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதனையடுத்து அவ்வீதியின் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. நீரின் அபாயம் முற்றாக நீங்கிவிட்டதென்று சொல்வதற்கில்லை. 2021 நவம்பர் 23ஆந் திகதி கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிலே மிதவையொன்று கவிழ்ந்து, பாடசாலைச் சிறார் உட்படப் பலர் உயிரிழந்த துயரத்தை அப்பகுதி மக்கள் எளிதில் மறவார். ஆயினும் இன்று மூதூர்க் குழந்தைகளிற் பெரும்பாலார் திருகோணமலைக்குச் செல்வது தார்வீதியினூடாகவே. பயணம் மாறியது, மடியிலே அணைத்துக் கொள்ளும் பழக்கம் மட்டும் படகிலிருந்து இறங்கி மோட்டார் வண்டிக்குள்ளும் ஏறிக்கொண்டது. அது அங்கே காப்பாகுமா என்பதே கேள்வி.

இக்கேள்வி எழக்கூடிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். கிழக்கிலங்கை வழக்கப்படி மணமான மகளும் மருமகனும் தாய்வீட்டிலேயே வாழ்கின்றனர். அவர்களுக்கு எட்டு மாதக் குழந்தை ஒன்று. வளைகுடா நாடொன்றிலே தொழில் செய்யும் மைத்துனன் விடுமுறையில் வரும்போது பெரிய பெட்டியொன்றைக் கொண்டு வருகிறான். அதற்குள் இருப்பது குழந்தைக்கான கார் ஆசனம். முதலிலே வண்டியின் பின்புறம் நோக்கியும், குழந்தை வளர்ந்தபின் முன்புறம் நோக்கியும் பொருத்தத்தக்க இருதிசை ஆசனம் அது. மறுநாள் குழந்தையைத் திருகோணமலைக்குக் கொண்டு செல்லவேண்டும். மருமகன் பெட்டியைத் திறக்கிறான். திண்ணையில் இருந்த உம்மம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை.

“மகன், பெற்றவளின் மடி இருக்கப் பிள்ளையைக் கட்டிப் போட்டா கொண்டு போகவேண்டும்? வாடைக் காற்றிலே எத்தனை முறை இவளை மடியில் வைத்துக் குடாவைக் கடந்திருக்கிறேன்!” என்கிறார்.

“அது உண்மைதான் மாமி. ஆனால் படகு ஆடும், கார் சட்டென்று நின்றுவிடும்” என்கிறான் மருமகன்.

அவன் சொல்லிலே விடயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆட்டத்தைக் கை தாங்கும். திடீரென நிற்பதைக் கை தாங்காது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் எதிலேனும் மோதினால் ஏறத்தாழ ஒரு விநாடியின் பத்திலொரு பங்கிலே நின்றுவிடும். கார் நின்றாலும் உள்ளிருப்போரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்லும். 10 கிலோ நிறையுள்ள குழந்தையை அவ்வேளையிற் பிடித்து நிறுத்துவதற்கு ஏறத்தாழ 140 கிலோ பாரத்தைத் தாங்கும் வலிமை வேண்டும். அஃதாவது, மூன்று அரிசி மூட்டைகளுக்குச் சற்றே குறைந்த பாரம். எத்துணை அன்புடைய தாயாயினும் அதனைத் தாங்குதல் இயலாது. அவளும் பட்டி அணியாதிருப்பின் அவளது உடலே குழந்தையை நசுக்கும். அந்த மோதலின் கடுமை முப்பதடித் தென்னையின் உச்சியிலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். குழந்தையோடு தென்னையேறத் துணியாதவர், குழந்தையை மடியில் வைத்துக் காரில் ஏறுவது அபாயம் கண்ணுக்குத் தெரியாமையினாலேயே.

வேறு நாடுகளும் இதனைத் தாமதித்தே உணர்ந்தன. பெரியவர்க்குரிய மும்முனை ஆசனப்பட்டியைச் சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் பொலின் 1959இல் அமைத்துக் கொடுத்தார். ஆனால் அது குழந்தையின் உடலுக்குப் பொருந்தாது; கழுத்திலும் வயிற்றிலும் அழுந்தும். அந்நாட்டு மருத்துவப் பேராசிரியர் பேட்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் முதுகைச் சாய்த்துக் கிடந்து விசையைத் தாங்குவதைக் கண்டு, அதே முறையைக் குழந்தைக்கும் பயன்படுத்தலாமென எண்ணினார். 1960களிலே, பின்னோக்கிய குழந்தை ஆசனத்தின் மாதிரி அவரால் உருவாயிற்று. குழந்தை ஆசனத்தைச் சட்டத்தாற் கட்டாயமாக்கியதில் அமெரிக்காவின் டெனசி மாநிலம் முன்னோடி; அது 1978இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை வீதிகளில் மிகுதியாகக் காணப்படும் கார்களைச் செய்தனுப்பும் ஜப்பானிலோ, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 2000ஆம் ஆண்டு முதல் அது கட்டாயம். கார் இங்கு வந்தது. அதனோடு வரவேண்டிய பழக்கம் கூடவே வரவில்லை. முறையாகப் பயன்படுத்தப்படும் குழந்தை ஆசனம் மரணத்தை அறுபது வீதம் வரையிற் குறைக்கவல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

‘முறையாக’ என்ற சொல்லே இங்கு முக்கியமானது. ஆசனத்தை வாங்குவது பாதி வேலையுமன்று. பொருத்துவதிலேதான் அதன் பயன் தங்கியிருக்கிறது. மருமகன் முதலிற் செய்யவேண்டியது, ஆசனத்தோடு வந்த கைந்நூலையும் காரின் கைந்நூலையும் ஒருங்கே வாசிப்பதாகும். ஆசனத்துக்குரிய இடம் பின்னிருக்கையே. முன்னிருக்கையின் எதிரே காற்றுப்பை இருக்குமாயின், பின்னோக்கிய ஆசனத்தை அங்கு வைப்பது பெருந்தவறு. பெரியவரைக் காக்க இமைப்பொழுதில் வெடித்து விரியும் அப்பை, குழந்தையின் தலைக்குப் பின்னாலுள்ள ஆசன ஓட்டை அறைந்து உயிருக்கே ஊறு செய்யும்.

எட்டு மாதக் குழந்தையின் முகம் காரின் பின்புறத்தையே நோக்கியிருத்தல் வேண்டும். குழந்தையின் தலை உடலளவுக்கு மிகப் பெரிது. கழுத்தெலும்புகளோ இன்னும் முற்றாதவை. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் உடலைப் பட்டி பிடித்துக்கொள்ள, தலை மட்டும் வீசியெறியப்படும். பின்னோக்கி அமர்ந்த குழந்தைக்கோ தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஆசனத்தின் ஓடு உள்ளங்கை போல ஒருங்கே ஏந்தும். ஐரோப்பாவிலே வழங்கும் புதிய விதியின்படி அமைந்த ஆசனங்களிற் பதினைந்து மாதம் நிறையும்வரை குழந்தையை முன்னோக்கித் திருப்புதல் ஆகாது. ஆசனம் இடங்கொடுக்கும் நிறையும் உயரமும் எட்டும்வரை, இரண்டு வயதுக்கு மேலும் பின்னோக்கியே இருத்துதல் இன்னும் நன்று.

அடுத்தது சாய்வு. காரைச் சமதரையில் நிறுத்திவிட்டு, ஆசனத்தின் பக்கத்திலுள்ள கோடு நிலத்துக்குச் சமாந்தரமாக அமைகிறதா என்று பார்க்கவேண்டும். நிமிர்வு மிகுந்தால், உறங்கும் சிசுவின் தலை மார்பின்மீது கவிழ்ந்து மூச்சு அடைபடும்.

பின்னர் ஆசனத்தைக் காரோடு பிணைத்தல். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. காரின் ஆசனப்பட்டியை ஆசனத்தினூடாகக் கோத்து இறுக்குவது ஒன்று. பிற்காலக் கார்களிலே முதுகுச்சாய்வுக்கும் இருக்கைக்கும் இடையே மறைந்திருக்கும் ஐசோபிக்ஸ் என்னும் இரும்புக் கொளுவிகளிலே மாட்டுவது மற்றொன்று. கைந்நூல் கூறினாலன்றி இரண்டையும் ஒருங்கே செய்தல் கூடாது. பட்டியாற் பிணைப்பவர், கையினாலோ முழங்காலினாலோ ஆசனத்தை மெத்தைக்குள் அழுத்திக்கொண்டே பட்டியின் தளர்வை இழுத்தெடுக்க வேண்டும். பட்டி தானே பூட்டிக்கொள்ளாத வண்டிகளில், ஆசனத்திலுள்ள பூட்டினால் அதனை நிறுத்தவேண்டும். முடிவிலே, பட்டி செல்லும் இடத்தைப் பிடித்து அசைத்துப் பார்க்கவேண்டும். அங்கே ஓரங்குலத்துக்கு மேல் அசையுமாயின் மீண்டும் இறுக்குதல் வேண்டும். ஆசனத்தின் உச்சியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்போர் ஏமாறுவர். பின்னோக்கிய ஆசனத்தின் உச்சி சிறிது அசைவது இயல்பே.

இனிக் குழந்தையைப் பிணைக்கும் தோட்பட்டிகள். பின்னோக்கிய நிலையில் அவை குழந்தையின் தோள்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்து புறப்படவேண்டும். முன்னோக்கிய நிலையில் தோள்மட்டத்திலோ சற்று மேலேயோ. பூட்டியபின், தோளின்மேற் பட்டியை இரு விரல்களால் கிள்ளிப் பார்க்கவேண்டும். மடிப்பு விரலுக்குள் அகப்பட்டால் பட்டி தளர்ந்திருக்கிறது என்று பொருள். உம்மம்மா அன்போடு போர்த்திவிடும் துவாலையைப் பட்டியின்மேற் போர்த்தலாம், உள்ளே வைத்தலாகாது. மூதூர் வெயிலிலே நின்ற காரின் உலோகப் பூட்டு குழந்தையின் தொடையைச் சுடும். வண்டி நிற்கும்போது ஆசனத்தின்மேல் வெள்ளைத் துணி விரித்து வைத்தால் அது சூடேறாது. ஆசனத்திற் குழந்தை உறங்குகின்றதென்று எண்ணி, அடைத்த காரினுள் ஒரு கணமேனும் தனியே விட்டுச் செல்லல் எக்காரணத்தாலும் ஆகாது.

இருதிசை ஆசனத்திற் பிழை மிகவும் நேரக்கூடிய நாள், அதனைத் திருப்பும் நாளாகும். பின்னோக்கிய நிலைக்கும் முன்னோக்கிய நிலைக்கும் காரின் பட்டி செல்லும் வழிகள் வெவ்வேறு. பல ஆசனங்களிலே முன்னதற்கு நீல நிறமும் பின்னதற்குச் சிவப்பு நிறமும் தீட்டப்பட்டிருக்கும். ஆசனத்தை மட்டும் திருப்பிவிட்டுப் பட்டியைப் பழைய வழியிலேயே விடுபவர் உளர். சாய்வு, தோட்பட்டியின் உயரம், பட்டியின் வழி ஆகிய மூன்றையும் அன்று புதிதாகவே அமைக்கவேண்டும். ஆசனத்தின் உச்சியிலிருந்து காரின் பின்புறக் கொளுவிக்குச் செல்லும் மேற்பட்டி உண்டாயின், முன்னோக்கிய நிலையில் அதனையும் மறவாது மாட்டவேண்டும். அதுவே தலை முன்னே வீசப்படும் தூரத்தைக் குறைப்பது.

அக்குடும்பத்திலே மாமனாருக்குப் பழைய வான் ஒன்றும் உண்டென்று கொள்வோம். அதன் பின்வரிசைகளில் ஆசனப்பட்டியே இல்லை. கடற்றொழிலில் முதிர்ந்த அவர், தோணியைப் பிணைக்கும் நைலோன் கயிற்றால் ஆசனத்தைக் கட்டிவிட முனைகிறார். அவருடைய முடிச்சு புயலிலும் அவிழாதது. ஆயினும் இங்கு அது உதவாது. கயிறு நீளவும் வழுவவும் கூடும். கட்டப்பட்ட இருக்கைக் கால் பெயர்ந்தும் போகலாம். மோதலின் விசையைத் தாங்குவதற்கென்றே செய்து சோதிக்கப்பட்ட பட்டியும் அதன் பிணைப்பிடமும் இல்லாத இருக்கையிலே, குழந்தை ஆசனம் வெறும் நாற்காலியே. காரிலே கொண்டு செல்லும்போது குழந்தைக்கிருக்கும் காப்பு அந்த வானிலே இல்லை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. தகுந்த பட்டிகளைத் தேர்ச்சிபெற்றோரைக் கொண்டு பொருத்துவித்தல் அதற்குப் பரிகாரம். விபத்திற் சிக்கிய பழைய ஆசனத்தையும், வரலாறு தெரியாத ஆசனத்தையும் இரவல் வாங்குதல் நன்றன்று.

கார் இல்லாதாரே மூதூரில் மிகுதி என்பதையும் மறத்தற்கில்லை. முச்சக்கர வண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் இவ்வாசனத்துக்கு இடமில்லை. அவர்களுக்கு இருக்கும் முதற்காப்பு வேகத்தைக் குறைத்தலே. இந்தியாவிலே, மோட்டார் சைக்கிளிற் செல்லும் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தலைக்கவசமும் ஓட்டுநரோடு இணைக்கும் பட்டியும் வேண்டுமெனவும், வேகம் 40 கிலோமீற்றரைத் தாண்டலாகாதெனவும் 2022இல் விதிக்கப்பட்டது. வாகனத்துக்கேற்ற காப்பு யாதென்று தேடும் அந்நோக்கம் எவரும் பின்பற்றத்தக்கது. நெடுந்தூரம் செல்லவேண்டிய நாளிலே, குழந்தையோடு மோட்டார் சைக்கிளில் விரைவதிலும் பஸ் வண்டியிற் செல்வது நன்று.

பயணநாளின் காலையிலே குழந்தை ஆசனத்திற் கிடந்து சிணுங்குகிறது. தாயின் கை தானாகவே பூட்டை நோக்கிச் செல்கிறது. சிறிது அழுதால் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுவது இயற்கையே. அந்தச் சிறிது நேரத்திலேதான் மாடு குறுக்கே வரும். அழுகை பொறுக்கவில்லையாயின் வண்டியை ஓரமாக நிறுத்தி, குழந்தையை எடுத்து ஆற்றி, பாலூட்டி, மீண்டும் பட்டி பூட்டிய பின்னரே புறப்படவேண்டும். கால்மணி நேரம் பிந்திச் சேர்வதனாற் குடி முழுகிவிடாது.

உம்மம்மா குழந்தையின் பக்கத்திலே, தாமும் பட்டியணிந்து அமர்கிறார். புறப்படுமுன் தோளின்மேலுள்ள பட்டியை இரு விரல்களாற் கிள்ளிப் பார்க்கிறார், மடிப்பு அகப்படவில்லை. குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு, “இனி எடுங்கள், மகன்” என்கிறார்.