டெல்லி தந்த கடிதமும் டகோட்டா தந்த கடிதமும்



என் அக்கா வீட்டுப் பூஜை அறையில், சாமி படங்களுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடிதத்தின் நகல் இருக்கிறது. டெல்லியில் மத்திய சுகாதார அமைச்சகம் கொடுத்தது. அக்கா மகள் இங்கே எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்கத் தேர்வுகளையும் எழுதித் தேறி, அங்கே ஒரு மருத்துவமனையில் ரெசிடென்சி பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது வாங்கிய கடிதம். பொது மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவுக்குத் தேவைப்படுகிறார்கள், இவர் பயிற்சி முடிந்ததும் நாடு திரும்புவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது அதன் சாரம். மருத்துவப் பயிற்சிக்கான ஜே-1 விசா கிடைக்க இந்தக் கடிதம் கட்டாயம் வேண்டும்.

மூன்று வருடப் பயிற்சி முடியும் நேரத்தில் அவளுக்காக இன்னொரு கடிதம் எழுதப்பட்டது. எழுதியது வடக்கு டகோட்டா மாநிலத்தின் சுகாதாரத் துறை. எங்கள் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றுக்கு இந்த மருத்துவர் தேவை, இவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று வாஷிங்டனுக்குப் போன பரிந்துரை அது. ஒரே பெண்ணைத் தேவை என்று இரண்டு அரசுகள் எழுதிக் கொடுத்திருக்கின்றன. அந்த இரண்டாவது கடிதத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

இதற்கு விசா விலக்கு என்று பெயர். விசாவே வேண்டாம் என்று சொல்லும் விலக்கு அல்ல இது. ஜே-1 விசாவில் பயிற்சி பெறும் வெளிநாட்டு மருத்துவர்கள், பயிற்சி முடிந்ததும் சொந்த நாட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத்தான் அமெரிக்காவில் வேலைக்கோ குடியேற்றத்துக்கோ விண்ணப்பிக்கலாம் என்று 1976இல் சட்டம் வந்தது. கற்ற வித்தை பிறந்த மண்ணுக்குப் பயன்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான்.

ஆனால் அமெரிக்காவின் உள்நாட்டுச் சிற்றூர்களில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. இருந்த ஒரே மருத்துவரும் வயதாகி ஓய்வு பெறுவார். மருத்துவமனை விளம்பரம் கொடுக்கும். வருடக்கணக்கில் ஒருவரும் விண்ணப்பிக்க மாட்டார்கள். அமெரிக்காவில் மருத்துவம் படித்து முடிப்பவர் தலையில் பெரிய கல்விக் கடன் இருக்கும். அதை அடைக்க நகரத்து நிபுணர் வேலைதான் கைகொடுக்கும். கணவனுக்கோ மனைவிக்கோ அந்தச் சிற்றூரில் வேலை இருக்காது. இரவும் பகலும் ஒரே ஆள் பொறுப்பில் நிற்க வேண்டும். போதாக்குறைக்கு, பயிற்சி இடங்களுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கொடுக்கும் பணத்துக்கு 1997இல் நாடாளுமன்றம் உச்சவரம்பு போட்டது. அதன் பிறகு ஜனத்தொகை வளர்ந்த வேகத்துக்குப் பயிற்சி இடங்கள் வளரவில்லை.

வடக்கு டகோட்டாவின் அன்றைய செனட்டர் கென்ட் கான்ராட் இதை நேரில் அறிந்தவர். பிஸ்மார்க்கில் பிறந்தவர், கோதுமையும் சூரியகாந்தியும் விளையும் அந்தப் பூமியின் பிரதிநிதி. பயிற்சி முடித்த வெளிநாட்டு மருத்துவர்களை ஒரு பக்கம் விமானம் ஏற்றி அனுப்பிக்கொண்டு, மறுபக்கம் மருத்துவர் இல்லை என்று தவிப்பது அவருக்கு நியாயமாகப் படவில்லை. 1994இல் அவர் முயற்சியால் சட்டம் திருத்தப்பட்டது. ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 20 மருத்துவர்களுக்கு விலக்குப் பரிந்துரைக்கலாம் என்று தொடங்கி, 2002இல் அது 30 ஆனது. அதனால்தான் இன்றும் அந்தத் திட்டத்துக்கு கான்ராட் 30 என்று பெயர்.

நிபந்தனை எளிமையானது, ஆனால் கடுமையானது. மருத்துவர் பற்றாக்குறைப் பகுதி என்று அரசு அறிவித்த இடத்தில், வாரம் 40 மணி நேரம், மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும். முதல்நிலை மருத்துவத்தில் பற்றாக்குறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பொதுவான அளவு, 3,500 பேருக்கு ஒரு மருத்துவர்கூட இல்லாத நிலை. விலக்கு கிடைத்த 90 நாளுக்குள் பணியில் சேர்வதாக ஒப்புக்கொள்ள வேண்டும். தக்க காரணமில்லாமல் நடுவில் விட்டுப் போனால், அந்த இரண்டு வருட நிபந்தனை மறுபடி வந்து தலையில் உட்காரும்.

அக்டோபர் 1ஆம் தேதி அங்கே மத்திய அரசின் நிதியாண்டு தொடங்கும் நாள், அந்த ஆண்டுக்கான 30 இடங்களின் கணக்கும் அன்றுதான் தொடங்கும். பெரிய மாநிலங்களில் 30 இடத்துக்கும் விண்ணப்பங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேரும். ஆள் நடமாட்டம் குறைந்த சில மாநிலங்களில் வருடம் முடிந்தும் இடம் மிஞ்சியிருக்கும். பெரிய மாநிலத்துக்கும் 30, சிறிய மாநிலத்துக்கும் 30 என்று வைத்தால் அப்படித்தான் ஆகும். விண்ணப்பத்தின் ஒவ்வொரு தாளிலும் கோப்பு எண்ணை எழுதியாக வேண்டுமாம். என் அக்கா மகள் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து, ஒப்பந்தத்தில் ஆரம்பித்துப் பழைய விசாப் படிவம் வரை எல்லாத் தாளிலும் அந்த எண்ணைக் கையால் எழுதியிருக்கிறாள். "சித்தி, கடைசியில என் பேரே மறந்துபோச்சு, அந்த நம்பர்தான் நான்னு தோணிச்சு" என்றாள்.

அவள் போய்ச் சேர்ந்த ஊர் பிஸ்மார்க்கிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். மருத்துவமனையில் 25 படுக்கைகள். அமெரிக்கக் கிராமப்புறங்களில் இப்படி 25 படுக்கைக்கு மேல் போகாத மருத்துவமனைகளுக்கென்றே தனி வகை இருக்கிறது, அரசு தனி முறையில் செலவைக் கொடுக்கிறது. அப்படியும் 2010க்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டிருக்கின்றன, அல்லது உள்நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டன.

முதல் குளிர்காலத்தில் அவளுக்கு ஊர்க்காரர்கள் கற்றுக்கொடுத்த முதல் பாடம், காரைப் பற்றியது. ராத்திரி காரை நிறுத்தியதும், முன்பக்கத்தில் தொங்கும் வயரை எடுத்துக் கரண்டில் செருக வேண்டும். எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் வயர் அது. மறந்தால் காலையில் வண்டி கிளம்பாது. மைனஸ் 30 டிகிரி.

ஜனவரி மாதத்தில் ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு அவளுக்கு அழைப்பு வந்தது. அறுபது வயது விவசாயி, நெஞ்சு வலி. ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு தெளிவாகத் தெரிகிறது. இதயக் குழாய் அடைப்பை நீக்கும் வசதி பிஸ்மார்க்கில்தான் உண்டு. வெளியே பனிப்புயல், ஹெலிகாப்டர் பறக்க முடியாது, ஆம்புலன்ஸும் போக முடியாது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் போட்டுவிட்டு, ஒரு நர்ஸும் இவளுமாக அந்த மனிதரின் கட்டில் அருகே விடியும் வரை நின்றிருக்கிறார்கள். சாலை திறந்ததும் அனுப்பிவைத்தார்கள். பிழைத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து அவருடைய மனைவி, தோட்டத்துக் காட்டுச் செர்ரியில் செய்த ஜாம் பாட்டிலோடு வந்து நின்றாராம். இவள் வந்து சேருமுன் பதினான்கு மாதம் அந்த இடம் காலியாகக் கிடந்திருக்கிறது. விலக்கு என்ற அந்தச் சட்டச் சொல்லுக்கு என் மனதில் இப்போது அந்த விவசாயியின் முகம்தான் வருகிறது, நான் பார்த்திராத முகம்.

வெளிநாட்டு மருத்துவர் அமெரிக்கச் சிற்றூரைத் தாங்கிப் பிடித்தது 1994க்கு முன்பே நடந்த கதைதான். கேரளப் பெற்றோருக்கு எத்தியோப்பியாவில் பிறந்து, அங்கே ஆட்சி கவிழ்ந்ததால் படிப்பு தடைபட்டு, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் ஆபிரகாம் வர்கீஸ். 1980களில் டென்னஸி மலைப்பகுதியில் ஜான்சன் சிட்டி என்ற ஊரில் தொற்றுநோய் மருத்துவராக வேலை செய்தார். பெருநகரங்களில் எய்ட்ஸ் பிடித்த இளைஞர்கள் கடைசிக் காலத்துக்குப் பிறந்த ஊர் தேடி வந்தபோது, அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் அவர். அந்த அனுபவத்தை 'மை ஓன் கன்ட்ரி' என்ற புத்தகமாக எழுதினார். அது வெளிவந்ததும் 1994இல்தான்.

இனி, இந்தத் திட்டத்தின் மனதை உறுத்தும் பக்கம். மூன்று வருடமும் மருத்துவரின் எதிர்காலம் வேலை கொடுத்தவர் கையில் இருக்கிறது. நல்ல நிர்வாகம் என்றால் கவலையில்லை. மோசமான நிர்வாகம் என்றால் கேட்க நாதியில்லை. நெவாடா மாநிலத்தில் இப்படி வந்த மருத்துவர்களைக் கசக்கிப் பிழிந்ததைப் பற்றி லாஸ் வேகஸ் நாளேடு ஒன்று 2007இல் தொடராகவே எழுதியது. போட்டியாக வேறு இடத்தில் தொழில் செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதக் கூடாது என விதி இருக்கிறது. ஆனால் விடுமுறை கேட்கப் பயப்படும் ஒருவருக்கு விதி என்ன தைரியம் தரும்?

வீட்டுக்குள்ளும் ஒரு விலை உண்டு. பயிற்சிக் காலத்தில் அக்கா மகளின் கணவர் அனுமதி வாங்கி வேலை பார்த்தார். விலக்கு கிடைத்து அவள் எச்-1பி என்ற வேலை விசாவுக்கு மாறியதும் அவர் துணைவருக்கான எச்-4 விசாவுக்கு மாறினார், வேலை பார்க்கும் உரிமை போனது. இந்தியாவில் பிறந்தவர் என்றால் கிரீன் கார்டு வரிசை இன்னும் கொடுமை. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற விதியால், ஊருக்கே உயிர் கொடுத்த மருத்துவர் பல வருடம், சில சமயம் பல பத்தாண்டு, தற்காலிக ஆளாகவே காத்திருக்கிறார். கொரோனா காலத்தில் இப்படிப்பட்ட மருத்துவர்கள், தாங்கள் இறந்துபோனால் குடும்பமே நாட்டை விட்டுப் போக வேண்டிவருமே என்ற பயத்தோடு வார்டுக்குள் போனார்கள். 2021 ஏப்ரலில் வாஷிங்டனில் வெள்ளைக் கோட்டோடு நின்று முறையிட்டார்கள். கான்ராட் திட்டமும் நிரந்தரம் அல்ல. காலாவதித் தேதியோடு வந்தது, நாடாளுமன்றம் அவ்வப்போது நீட்டிக்கிறது. ஒரு ஊரின் உயிர் இப்படிப்பட்ட நூலில் தொங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

அக்கா ஒரு நாள் என்னிடம் கேட்டாள்: "திரும்பி வர்றேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வராம இருந்தா தப்பில்லையாடி?" நான் அதை அப்படியே அவள் மகளிடம் கேட்டேன். "போடும்போது பொய்யா போடல சித்தி" என்றாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். என் குறை அந்த ஏற்பாட்டின் மேல்தான். பயிற்சிக்குப் போகும்போது டெல்லியின் தேவைக் கடிதத்தை அமெரிக்கர்கள் கேட்கிறார்கள். தங்கவைக்கும்போது டெல்லியிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பயிற்சிக்குப் பிறகு திரும்பி வர சொந்த அரசோடு ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே அந்த அரசின் சம்மதம் வேண்டும். நம் ஊர் அரசுக் கல்லூரியில், ஜனங்கள் வரிப்பணத்தில் எம்.பி.பி.எஸ். படித்தது இந்தக் கணக்கிலேயே சேராது. பற்றாக்குறை உள்ள நாடுகளிலிருந்து மருத்துவர்களை வலிந்து இழுக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஒரு நெறிமுறை வகுத்தது. யாரையும் கட்டுப்படுத்தாத நெறிமுறை அது. பணக்கார நாடு தன் பிள்ளைகளுக்குப் பயிற்சி இடங்களைக் கூட்டட்டும். வருகிறவர்களைக் கௌரவமாக, நிரந்தரமாக வைத்துக்கொள்ளட்டும். அனுப்பிய நாட்டின் மருத்துவக் கல்விக்கும் ஒரு பங்கு கொடுக்கட்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அது நியாயம் என்பேன்.

கிராமத்துக்கு மருத்துவரை வரவைக்க நாமும் வழி தேடியவர்கள்தான். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பின் மாநில இடங்களில் தமிழ்நாடு 50 சதவீதம் ஒதுக்குகிறது. மலையிலும் குக்கிராமத்திலும் வேலை பார்த்தவர்களுக்கு ஊக்க மதிப்பெண்ணும் உண்டு. நாம் ஊக்கம் தந்தும், அவர்கள் விலக்கு தந்தும் தேடுவது ஒரே ஆளைத்தான்.

போன வாரம் அக்கா மகள் போனில் பேசினாள். அவள் மருத்துவமனை இந்த அக்டோபருக்கு இன்னொரு மருத்துவருக்காகக் கோப்பு தயார் செய்கிறதாம். லாகூரில் படித்த இளைஞர். ஊர் எப்படி, சம்பளம் எப்படி, மனைவிக்கு வேலை கிடைக்குமா என்று அவளிடமே கேட்டிருக்கிறார். மனைவி விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டாளாம். "அப்புறம் என்ன சொன்னே?" என்றேன். "வர்றதுக்கு முன்னாடியே காருக்கு அந்த வயர் இருக்கான்னு பாத்துக்கச் சொன்னேன், சித்தி."