கொடுத்த கணக்கும் விளைந்த கணக்கும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழாவில் வாழ்த்துரை வழங்குவது எளிது. எனக்கு முன் பேசியவர்கள் அதனை நிறைவாகச் செய்துவிட்டார்கள். ஆதலால் செயலாளர் அவர்கள் எனக்கு இட்ட தலைப்புக்கே நேரே வருகிறேன். தொண்டு செய்யும் ஒரு நிறுவனம், தன் தொண்டினால் வறுமை குறைந்ததா, ஊரில் நம் மக்களுக்குரிய இடம் கிடைத்ததா என்பதை எவ்வாறு அறிந்துகொள்வது?

எந்த அறநிலையத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினாலும் ஒரே வகைக் கணக்கே கண்ணில் படுகிறது. இத்தனை நோட்டுப் புத்தகங்கள், இத்தனை சீருடைகள், இத்தனை கூட்டங்கள். கூடவே கைநீட்டி வாங்கும் ஒரு பிள்ளையின் புகைப்படம். (அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவனான பின் அப்படத்தைக் காண விரும்புவானா என்று யாரும் கேட்டதில்லை.) இக்கணக்கு பொய்யன்று. ஆயினும் இது நம் கையைவிட்டுச் சென்ற பொருளின் கணக்கு. வாங்கியவரின் வாழ்வில் அப்பொருள் என்ன செய்தது என்பது வேறொரு கணக்கு. நன்கொடை தந்தவர் முதற்கணக்கைக் கேட்கிறார். ரசீதைக் காட்டினால் மனநிறைவு அடைகிறார். இரண்டாவதைக் கேட்பாரும் இல்லை, எழுதுவாரும் இல்லை.

இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியை விளக்க ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு செய்தியைச் சொல்கிறேன். கென்யா நாட்டின் மேற்குப் பகுதியில் 1996ஆம் ஆண்டு ஒரு தொண்டு நிறுவனம் கிராமப் பள்ளிகளுக்குப் பாடப் புத்தகங்களை இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. நூறு பள்ளிகளில் முதலில் இருபத்தைந்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு, ஏனைய பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புத்தகம் கொடுத்தால் படிப்பு உயரும் என்பதில் யாருக்கு ஐயம் இருந்திருக்கும்? ஆனால் சராசரி மதிப்பெண் உயரவே இல்லை. முன்னரே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மட்டும் மேலும் நன்றாகப் படித்தார்கள். காரணத்தை ஆராய்ந்தபோது, புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன என்பதும், அப்பிள்ளைகளில் பெரும்பாலோர்க்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி என்பதும் தெரியவந்தன. பின்தங்கிய பிள்ளையால் அப்புத்தகத்தைப் படிக்கவே இயலவில்லை. அவ்வாராய்ச்சியில் பங்குகொண்ட மைக்கேல் கிரெமர், இத்தகைய ஆய்வு முறைக்காகவே 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார்.

இதனை நம் சங்கத்திற்குப் பொருத்திப் பாருங்கள். ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெற்றவர்க்குப் பரிசளிக்கிறோம். அது வேண்டும், நம் பிள்ளை மேடையேறுவதைக் காண்பது பெற்றோர்க்கு மட்டுமன்றித் தெருவுக்கே பெருமை. ஆனால் அப்பிள்ளைகளில் பலர் நம் பரிசு இல்லாவிடினும் தேறியிருப்பார்கள். எட்டாம் வகுப்பிலே செங்கல் சூளைக்குச் சென்றுவிட்ட பையனைப் பற்றி நம் அறிக்கையில் ஒரு வரியும் இல்லை. அவன் நம் மேடைக்கு வரவில்லை. ஆகவே நம் கணக்கிலும் வரவில்லை. வந்தவர்களை மட்டும் எண்ணும் சங்கத்திற்குத் தோல்வி என்பதே கண்ணில் படாது.

வராதவரை எண்ணுவதற்கு வழி உண்டு. 2005ஆம் ஆண்டு முதல் பிரதம் என்னும் நிறுவனம் ‘அசர்’ என்ற பெயரில் நாடு முழுவதும் கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனைச் சோதித்து வருகிறது. ‘அசர்’ என்றால் இந்தி மொழியில் விளைவு என்று பொருள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் இச்சோதனையைச் செய்வதில்லை. வீடு வீடாகச் செல்கிறார்கள். பள்ளியில் சேராதவன், சேர்ந்தும் போகாதவன், எல்லோரும் வீட்டில் அகப்படுவார்கள் அல்லவா? ஒரே ஒரு தாள். அதில் சில எழுத்துகள், சில சொற்கள், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறுகதை. பிள்ளை எதுவரை படிக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க இயலாதவர்கள் என்று பல ஆண்டுகளாக அந்தத் தாள் காட்டி வந்திருக்கிறது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இதனைக் காட்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் தெருவில் ஒரு பெண் கல்லூரிக்குச் சென்றால், “எங்கள் சங்கத்தால்” என்று உடனே எழுதிவிடுகிறோம். அவள் உண்டு படித்த மதிய உணவு 1956இல் காமராசர் காலத்தில் விரிவாகத் தொடங்கப்பெற்று, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டமாகப் பெருகியது. அரசின் உதவித்தொகை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, களையெடுத்தும் கல்லுடைத்தும் அவளைப் படிக்கவைத்த தாய் உண்டு. இவற்றுள் நம் பங்கு எவ்வளவு என்று நிறுத்துக் காட்டுவது பெரிய பல்கலைக்கழகத்தாருக்கே கடினம். நாற்பது பிள்ளைகள் படிக்கும் நம் மாலைப் பள்ளியால் அது ஆகாது. நாம் இல்லாதிருந்தால் எது நடந்திராது என்று நம்மையே கேட்டுக்கொண்டு, அதற்கு மட்டும் உரிமை கொண்டாடுவதே நேர்மை.

இதுவரை பேசியது கல்வியையும் வறுமையையும் பற்றி. நம் மக்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வயிறு நிறைந்தும் தெருவில் தலைகுனிந்து நடக்க நேருமானால், வறுமை தீர்ந்தது என்று எழுதிவிட முடியுமா?

1923ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதார்க்கும் உரியன என்றது. அதனை ஏற்று மகத் நகராட்சி 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. தீர்மானங்களை எண்ணுகிறவன் அன்றே வெற்றி என்று எழுதியிருப்பான். ஆனால் மூன்று ஆண்டுகள் நம்மவர் ஒருவரும் அக்குளத்தில் நீர் அருந்த முடியவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மக்களோடு சென்று அந்நீரை அள்ளிக் குடித்தார். அதற்காக நம்மவர் அடிபட்டனர்; வழக்கு நடந்து, 1937இல்தான் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு நமக்குச் சார்பாக வந்தது. அண்ணல் அங்கே பயன்படுத்திய அளவுகோல், குடிக்க முடிகிறதா இல்லையா என்பதே.

அந்த அளவுகோலை நம் காலத்தில் கையிலெடுத்தவர்கள் குஜராத்தின் நவ்சர்ஜன் அமைப்பினர். அவர்கள் 1,500க்கு மேற்பட்ட கிராமங்களில் விசாரித்து 2010இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தீண்டாமை உண்டா என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்றே விடை வரும். சட்டத்திற்கு அஞ்சாதவர் யார்? ஆதலால் அவர்கள் தீண்டாமையைத் தொண்ணூற்றெட்டு வழக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். தேநீர் எந்தக் குவளையில் தருகிறார்கள்? பள்ளியில் மதிய உணவுக்கு நம் பிள்ளைகள் எங்கே அமர்கிறார்கள்? பாதிக்கு மேற்பட்ட இடங்களில் பிள்ளைகள் தனியே அமர்த்தப்பட்டது இவ்வாறு வெளிப்பட்டது. உணவு வழங்கிய கணக்கில் அப்பள்ளிகள் குறையின்றித் தேறியிருக்கும்.

படித்து முடித்த இளைஞர்களும் இதனைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டு முதல் சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டவெல்லும், தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு சாதிப் பெயர்களோடு அனுப்பிப் பார்த்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, தலித் பெயர் தாங்கிய விண்ணப்பத்திற்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயர் தாங்கியதற்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. பட்டம் பெற்றோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இச்சுவர் தெரியாது. ஆகவே பட்டம் பெற்ற பின் என்ன ஆயிற்று என்பதையும் நம் பதிவேடு சொல்ல வேண்டும்.

நான் கேட்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. வீட்டுக்கு ஒரு பக்கமாக ஒரு பதிவேடு. அவ்வீட்டுப் பிள்ளைகள் எதுவரை வாசிக்கிறார்கள், இடையில் நின்றது யார், ஏன், கடன் யாரிடம், படித்தவர் இன்று என்ன வேலையில் இருக்கிறார், இவ்வளவே. பொதுப் பக்கம் ஒன்றில் ஊரின் வழக்கங்கள்: தேநீர்க் கடை, முடிதிருத்தகம், குடிநீர்க் குழாய், சுடுகாட்டுப் பாதை. எழுதுவோர் நம் தெருவின் பிள்ளைகளாகவே இருக்கட்டும். வெளியிலிருந்து வந்து கேட்பவரிடம் நம் தாய்மார்கள், உதவி நின்றுவிடுமோ என்றஞ்சி ஒரு விடையும், உதவி கூடும் என்றெண்ணி மற்றொரு விடையும் சொல்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. தம் வீட்டைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்கவும், தவறென்றால் அடிக்கச் சொல்லவும் ஒவ்வொரு வீட்டாருக்கும் உரிமை இருக்க வேண்டும். கடன் விவரமும் வறுமை விவரமும் பிறர் கைக்குப் போகலாகாது.

பதிவேட்டின் முதல் கணக்கு நமக்கு உவப்பாக இராது. அதனை அச்சிட்டால் நன்கொடை குறையுமே என்று பொருளாளர் அவர்கள் தனிமையில் என்னிடம் கேட்டார்கள், நியாயமான அச்சம். குறையலாம். ஆயினும் நின்றுவிட்ட பையனின் பெயர் நம் ஏட்டில் ஏறினால்தான் அவன் வீட்டுக்கு யாரேனும் போவார்கள். இக்காரணத்திற்காகவே அச்சிட வேண்டும் என்று செயற்குழுவை வேண்டுகிறேன்.

பதிவேட்டின் மாதிரிப் படிவம் ஒன்றை எழுதிச் செயலாளர் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை, கிழக்குத் தெருவிலிருந்து தொடங்கலாம் என்று இளைஞர் மன்றத்தார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெண்பிள்ளைகளும் இருவர் இருவராக வர வேண்டும். சில வீடுகளில் தாய்மார்கள் அவர்களிடம்தான் பேசுவார்கள்.