பூங்காவில் எழுதியவர்

வீடியோ போடுபவரோ, எழுதுபவரோ, படம் வரைபவரோ, எல்லோருக்கும் ஒரு காலம் வரும்: உட்கார்ந்தால் ஒன்றுமே ஓடாது.

அப்போது சென்னை தி.நகரில் வாழ்ந்த எழுத்தாளர் அசோகமித்திரனை நினைத்துக்கொள்ளுங்கள். 1966-இல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டவர், முழுநேர எழுத்தாளரானார். மாதச் சம்பளம் கிடையாது. வீட்டில் எழுதத் தோதுப்படாதபோது நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதினார். விஷயம் தேடி எங்கும் அலையவில்லை. காலிக் குடத்தோடு தண்ணீருக்கு அலைந்த சென்னைப் பெண்களின் பாடுதான் 'தண்ணீர்' நாவலாயிற்று. 1996-இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது.

மனசு வறண்டால் இடத்தை மாற்றிப் பாருங்கள். பக்கத்துப் பூங்காவில் அரைமணி நேரம் உட்காருங்கள். கண்ணில் பட்டதை நாலு வரி எழுதுங்கள். நாளைக்கு இன்னும் நாலு வரி. தோண்டுகிற கைக்குத்தான் ஊற்று தெரியும்.