கொலுப் படியில் ஒரு படை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஐ.என்.ஏ. என்றவுடன் நம் இல்லத்துச் சிறுவர் நினைவில் எழுவன யாவை? முருங்கைக்காயும் வாழைப்பூவும் மீனும் விற்கும் மார்க்கெட். அருகே தில்லி ஹாட். 2010இல் திறக்கப்பெற்ற மெட்ரோ நிலையம். இப்பெயரைத் தந்தது இந்திய தேசிய இராணுவம் என்பதையும், அப்படையில் தமிழர் பெருந்தொகையினராய்ச் சேர்ந்தனர் என்பதையும் அவர்களுள் பலர் அறியார். நாள்தோறும் நாவால் வழங்கும் பெயரின் பொருள் மறைந்துபோதல் நன்றன்று. ஆதலின் வரும் நவராத்திரியில் நம் சங்கக் கொலுவின் கீழே, வழக்கமாகப் பூங்கா அமைக்கும் இடத்தில், அப்படையைப் பொம்மை வீரர்களைக் கொண்டு காட்சியாக அமைக்கலாம் என்னும் கருத்தைத் தங்கள் முன் வைக்கின்றோம்.

போர்க்களத்தைப் பொம்மைகளால் காட்டுவது மேனாட்டில் வேரூன்றிய கலை. வில்லியம் சைபார்ன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, 1815இல் நடந்த வாட்டர்லூப் போரை 70,000க்கும் மேற்பட்ட சிறு உலோக வீரர்களைக் கொண்டு அமைத்து, 1838இல் லண்டனில் மக்கள் பார்வைக்கு வைத்தார். போரிற் கலந்துகொண்டோர்க்குக் கடிதங்கள் எழுதி, எப்படை எங்கு நின்றது, எவ்வயலில் என்ன பயிர் இருந்தது என்றெல்லாம் அவர் கேட்டறிந்தார். வெற்றிக்குத் துணைநின்ற பிரஷ்யப் படையை அவர் மிகுதியாக நிறுத்தியது சேனாதிபதி வெல்லிங்டனுக்கு உவப்பாக இல்லை. பின்னர்ப் பிரஷ்ய வீரர் பலர் அக்காட்சியினின்றும் அகற்றப்பட்டனர். பொம்மையை எடுப்பது எளிது. எடுத்தபின், அங்கே ஒருவன் நின்றான் என்பதைப் பார்ப்பவர் எவ்வாறு அறிவர்? யாரை நிறுத்துகிறோம், யாரை விடுகிறோம் என்பதே இக்கலையின் உயிர்நிலை.

நம் படைக்கும் இது பொருந்தும். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி தலைமை ஏற்றார். அக்டோபர் 21ஆம் நாள் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். சென்னையிற் பிறந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தது. அதிற் சேர்ந்த பெண்களுள் பலர் மலேயா இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பத்தினர். 1945 நவம்பரில் தொடங்கிய செங்கோட்டை வழக்கால் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய அதிகாரிகளின் பெயர்கள் நாடெங்கும் பரவின. தோட்டத்தை விட்டு வந்த தொழிலாளர் பெயர்கள் அவ்வாறு பரவவில்லை. நம் பலகையில் அவர்களுக்கு இடம் வேண்டும்.

எக்காட்சியை அமைப்பது? பெண்கள் துப்பாக்கி நீட்டிப் பாய்வதையே சிறுவர் விரும்புவர். ஆனால் ராணிப் படை போர்முனையில் நேர்நின்று பொருததில்லை. 1945 ஏப்ரலில் அப்பெண்களுள் ஒரு பிரிவினர் ரங்கூனை விட்டு நீங்கி, விமானத் தாக்குதலுக்குத் தப்பி, பாங்காக் நோக்கி நெடுவழி சென்றனர். நேதாஜியும் அவர்களுடன் நடந்தார். அந்த நடைப்பயணத்தையே அமைக்க வேண்டும் என்பது நம் கருத்து. “பின்வாங்கியதையா மங்கலக் கொலுவில் வைப்பது?” என்று பெரியோர் வினவக்கூடும். அசோகவனத்துச் சீதையைப் படியில் வைத்து வணங்குகின்ற நமக்கு, நடந்து களைத்த இவ்வீராங்கனையர் எங்ஙனம் அமங்கலமாவர்? நிகழாத வெற்றியைப் புனைந்து காட்டினால், அவர்கள் உண்மையாகப் பட்ட பாட்டை நாமே மறைத்தவராவோம்.

இனிச் செய்முறை. 54 மில்லிமீட்டர் உயரமுள்ள பிளாஸ்டிக் வீரர்களைக் கொண்டால், அளவு 32இல் ஒரு பங்கு. 16 மீட்டர்த் தென்னை, பலகையில் 50 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். பொம்மைகளைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்திய பின்னரே வண்ணம் பூசுக, இல்லையேல் உரிந்துவிடும். இரும்புக் கவசத் தலைகளைச் சீவி, எம்-சீலினால் துணித்தொப்பி அமைக்கலாம். பெண் உருவங்கள் கிடைத்தற்கு அரியன. அவற்றை நம் தாய்மார் காகிதக்கூழிற் செய்து தருதல் வேண்டும். கேழ்வரகும் கடுகும் முளைக்க வைத்தால் வயலாகும். சாயமேற்றிய மரத்தூள் புல்வெளியாகும். கொடி, இராட்டை பொறித்த மூவர்ணக்கொடியாய் இருத்தல் வேண்டும். அசோகச் சக்கரம் 1947இல்தான் நம் கொடியில் ஏறியது. எவர் வீட்டிலேனும் பழைய ஈயப் பொம்மை வீரர் இருப்பின், குழந்தைகள் கையில் தரவேண்டா, ஈயம் நஞ்சு.

பொம்மைகளினும் அரிய ஒன்றையும் வேண்டுகின்றோம். மலேயாவுக்கோ பர்மாவுக்கோ சென்ற முன்னோர் எக்குடும்பத்திலேனும் இருப்பின், அவர் பெயரையும் ஊரையும் எழுதித் தாருங்கள். புகைப்படம் இருப்பின் அதன் படியும் போதும். அவற்றைக் காட்சியின் ஓரத்தில் வைப்போம். சுண்டல் வாங்க வரும் சிறுவர் அதனைப் படித்துச் செல்லட்டும். மறுநாள் பையெடுத்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போகும்போது, அம்மூன்றெழுத்தின் பொருளை அறிந்தே அவர்கள் போவர்.

ஜெய் ஹிந்த்!